ஒசரமாப் போன பந்து

மூஞ்சி பூரா நுரை. வாயத் தொறந்தா சோப்பு உள்ள போயிரும், அதனாலதான் தொறக்காம கெடக்கேன், இல்லன்னா இந்தப் பேக்கரி கோயில்பிள்ளைய இன்னைக்கு ஒரு வழி பண்ணியிருப்பேன். என்னத்தப் பண்ண. அந்தாளு எனக்காகத்தான் பேசுதாரு. துரை இல்லன்னா நேத்து கப்பு ஏது, ஒத்த ஆளு இருவத்தோரு பாயிண்டு அடிச்சிருக்கான், கடற்கரைக் காலேஜ்காரனுவ வாயில மண்ணள்ளிப் போட்டுட்டான் பாத்துக்கோன்னு எனக்குப் பின்னாடி பெஞ்சுல ஒக்காந்து தொண்டையத் தீட்டுதாரு. கேக்க நல்லாத்தான இருக்கணும். எட்டு வருசம் கழிச்சு எங்க ரயிலடிக் காலேஜ் கடற்கரைக் காலேஜ வாலிபால்ல ஜெயிச்சிருக்கு, நான் கேப்டன், இசக்கித்துரைன்னு பேப்பர்ல கொட்டை எழுத்துல போட்டிருக்கான், சலூன் வாசல்ல நொழையும்போதே நாலு பேரு எந்திரிச்சு நின்னு கை குடுத்தானுவ. முத்தையா அண்ணாச்சி வரிசையில இருந்தவனையெல்லாம் நிறுத்திட்டு எனக்குத்தான் மொதல்ல துண்டு கட்டுனாரு. அப்புறம் என்ன எழவுக்கு எனக்கு எரியுது? எரியத்தான் செய்யும். அந்தாளு ஒவ்வொரு தடவை இருவத்தோரு பாயிண்டுன்னு சொல்லும்போதும், நாக்காலிக்குக் கீழ அந்த இரும்புப் படியில மடக்கி வச்சிருக்க என் எடது முட்டி, நீயாலே அடிச்சன்னு கேக்குது.

ஆஸ்டல்ல இருந்து இந்தச் சலூனுக்குப் பத்து நிமிசம் நடை. இன்னைக்கு இருவத்தஞ்சு நிமிசம் ஆச்சு. வழியில பாத்தவனெல்லாம் நான் பெருமையில பைய நடக்கேன்னு நெனச்சிருப்பான். ராசா மாதிரி நடக்கான்லான்னு ஒருத்தன் சொல்லவே செஞ்சான். மூதி. அரை டவுசர் போட்டா வீக்கம் தெரிஞ்சிரும்னு இந்த வேக்காட்டுல தொளதொள பேண்டு மாட்டியிருக்கேன். ரெண்டாவது செட்டுல, எத்தனையாவது பாயிண்டு, பதினாறோ பதினேழோ, அடிச்சிட்டுக் கீழ எறங்கும்போது முட்டிக்குள்ள நறுக்குன்னு ஒரு சத்தம். வெளிய யாருக்கும் கேக்கல, எனக்குக் காதுக்குள்ள கேட்டுது. எலும்பு ஒடஞ்ச சத்தம் இல்ல. உள்ள எதுவோ அறுந்த சத்தம். எதிர்ல நின்ன கடற்கரைக்காரன் என்னப் பாத்துச் சிரிச்சான், அவனுக்குத் தெரிஞ்சிட்டோன்னு நான் பதிலுக்குச் சிரிச்சேன். சிரிச்சிக்கிட்டே முட்டி உறைய மேல இழுத்து விட்டேன். வலி இல்ல அப்ப, வலி பொறவுதான் வந்துது. அப்ப ஒண்ணே ஒண்ணுதான் தெரிஞ்சுது, கால் தரையில ஊனுது, ஆனா தரைய விட்டு எந்திரிக்க மாட்டேங்குது. மூணு அரியர் வச்சிருக்கவனுக்குக் கால் எந்திரிக்கலன்னா என்ன இருக்கு? அப்பா சோடா கம்பெனி வேன் ஓட்டுதாரு, அந்த வேன்ல ஏறி சோடாப் பெட்டி எறக்க வேண்டியதுதான். அதுக்கும் முட்டி வேணும்.

தலையக் கொஞ்சம் நிமுத்துப்பான்னு முத்தையா அண்ணாச்சி தாடைய நெம்புதாரு. நிமுத்துனா கண்ணாடி. கண்ணாடியில பெஞ்சு. பெஞ்சுல மூணு பேரு. வலது ஓரம் கோயில்பிள்ளை, நடுவுல தந்தி ஆபீஸ்ல இருந்து ரிட்டயர் ஆன வேலாயுதம் சார், மடியில கொடை. எடது ஓரத்துல பேப்பர விரிச்சு மூஞ்சிய மறச்சுக்கிட்டு ஒருத்தர். மத்த ரெண்டு பேருக்கும் அவரு யாருன்னு தெரியாது. வெளியூர் ஆளு, மாடியில லாட்ஜ்ல தங்கியிருக்காரு, சவரத்துக்கு எறங்கி வந்திருக்காருன்னு நெனச்சிருப்பானுவ. எனக்குத் தெரியும். பேப்பருக்கு மேல தெரியிற அந்த வெள்ளக் கிராப்பு போதும். கங்காதரன். மெட்ராஸ்ல கவர்மென்ட் டிபார்ட்மென்ட் டீமுக்குக் கோச். நேத்து மேட்ச் முடிஞ்ச ஒடனே என் தோள்ல கையப் போட்டு, ஒங்க காலேஜ்ல இருந்து ஒரு ஆள் எடுக்கப் போறேன், ஒரே ஒரு எடம்தான், வேலையோட, நாளைக்குக் காலைல பத்து மணிக்குக் கிரவுண்டுக்கு வா, ஒன்கிட்ட ஒண்ணு கேக்கணும்னாரு. என்ன கேப்பாருன்னு ஆடுத பயலுவளுக்கெல்லாம் தெரியும். அவரு வழக்கம் அது. எந்தக் காலேஜ்க்குப் போனாலும் பி.டி. மாஸ்டர்கிட்ட கேக்க மாட்டாரு, மாஸ்டர் தனக்கு வேண்டிய பையனுக்குத்தான் சொல்லுவாரு. கேப்டன்கிட்டதான் கேப்பாரு. உள்ள நின்னு ஆடுதவனுக்குத்தான் எவன் ஆடுனான்னு தெரியும், அவன் ஒரு வார்த்த சொன்னா அதுக்கு மேல நான் போகமாட்டேன்னு எல்லார்கிட்டயும் சொல்லுவாராம். பத்து மணிக்குத்தான்னு நெனச்சு, மூஞ்சிய மழிச்சு, சட்டைய மாத்தி, சொல்ல வேண்டியத ஒழுங்கு பண்ணிக்கிட்டுப் போகலாம்னு வந்தேன். நான் நுரைக்குள்ள இருக்கும்போது வந்து இங்ஙன பெஞ்சுல ஒக்காந்திருக்காரு. வணக்கம் சொல்லவும் முடியல, நுரை. கண்ணாடியில என்னப் பாத்து லேசா தலைய ஆட்டுனாரு, பேசாம இருன்னு அர்த்தம். அப்படித்தான் எனக்குப் பட்டுது. பேப்பர் ரொம்ப நேரமா ஒரே பக்கத்துல நிக்குது.

ஒரே ஒரு எடம். ஒண்ணு நான், இல்ல ஜாஸ்பரு. வேற எவனும் கெடையாது, அது கங்காதரனுக்கும் தெரியும். ஜாஸ்பர்தான் எங்க செட்டர், பந்து எடுத்துக் குடுக்கவன். எவன் பந்த வாங்குனாலும் ரெண்டாவது தொடுதது அவன்தான், அவன் தூக்கிக் குடுத்தாத்தான் நான் அடிக்கணும். அவன நெனச்சாலே எனக்கு வயிறு எரியும், இன்னைக்கு நேத்தில்ல, ரெண்டாம் வருசத்துல அவன் வந்த நாள்ல இருந்து. என்னவிட ஒரு சாண் குள்ளம். பேச மாட்டான். ஜெயிச்சா குதிக்க மாட்டான், தோத்தா தலையில கை வைக்க மாட்டான், பந்து செத்ததும் சட்டை நுனிய எடுத்துக் கையத் தொடச்சிட்டுப் போயி அவன் எடத்துல நிப்பான். அத்தனை பேரும் என்னக் கேப்டன்னு கூப்பிடுவானுவ, மாஸ்டரே கேப்டன்னுதான் சொல்லுவாரு, இவன் மட்டும் துரைம்பான். வெறும் துரை. ஒரு பேப்பர் நிக்காது அவனுக்கு, எல்லாம் பாஸு. அவங்க அம்மா ஆஸ்டல் மெஸ்ஸுல சோறு போடுதாங்க, அவன் அந்த வரிசையில நின்னு நம்மகூட தட்டு ஏந்தி வாங்குவான், வெக்கப்படவும் மாட்டான். வெக்கப்பட்டா எனக்குக் கொஞ்சம் புடிச்சிருக்கும். பாஸ் பண்ணவனுக்கு எங்கயாவது வேல கெடைக்கும். பேங்கு எழுதுவான், டீச்சர் ஆவான். எனக்கு? அத அவன்தான நெனைக்கணும். நான் எதுக்கு அவன் சோத்த நெனைக்கணும்?

கத்தியில பிளேட ஒடிச்சு மாட்டுத சத்தம். கன்னத்துல மொத இழுப்பு. கோயில்பிள்ளை விடுததா இல்ல. சாருவாள், ஸ்கோர் புக்க எடுத்துப் பாரும், அந்த ஜாஸ்பர் பைய பேருக்கு நேர எத்தனை பாயிண்டு? முட்டை. ரெண்டு மணி நேரம் ஆடி ஒரு முட்டை. அதுக்கு எதுக்குவே அவனத் தலையில தூக்கி வச்சு ஆடுதீருங்காரு. வேலாயுதம் சார் சத்தம் போட மாட்டாரு. பைய, கொடைக் கைப்பிடியத் தடவிக்கிட்டே, பந்த எடுத்துக் குடுக்கவனுக்கு ஸ்கோர் புக்குல கட்டம் கெடையாதுவே, அது அவன் குத்தமா, நான் முப்பது வருசமா மேட்ச் பாக்கேன், பந்தப் பாக்கதே இல்ல, எடுத்துக் குடுக்கவன் கையத்தான் பாப்பேன், நேத்து அந்தக் கை பண்ண வேல ஒமக்கு வெளங்காதுங்காரு. சரிதான், இன்னைக்குப் பாத்து இந்தாளு வந்து சேந்திருக்காரு. ஊருல ஒருத்தன் கையப் பாக்கான்னா, அவன் இன்னைக்கு, இந்த நேரம், கங்காதரன் பக்கத்துல ஒக்காந்துதான் பேசணுமா. எத்தனை சலூன் இருக்கு பஜார்ல.

அப்ப கோயில்பிள்ளை அந்தப் பந்த எடுத்தாரு. எடுப்பாருன்னு எனக்குத் தெரியும். நேத்து சாயங்காலத்துல இருந்து எவன் வாயத் தொறந்தாலும் அந்தப் பந்துதான் வருது. அஞ்சாவது செட்டு, பதினொண்ணுக்குப் பதினொண்ணு, கிரவுண்டே மூச்சு விடாம நிக்கு, அந்த நேரத்துல ஒம்ம கைகாரப் பைய என்ன செஞ்சான், பந்த ஆகாசத்துக்கு விட்டான், அது எறங்கி வரதுக்குள்ள ஒரு டீ குடிச்சிரலாம், பாவம் துரை எப்படி அடிப்பான், நெட்டுல போட்டான், போச்சா பாயிண்டு, கப்பே போயிருக்கும்வே அந்த ஒத்த பந்துலங்காரு. பெஞ்சுக்கு வெளிய படியில நின்னவனும் ஆமாங்கான். முத்தையா அண்ணாச்சிகூட கத்திய நிறுத்திட்டு, அது தப்புதான், அந்தப் பந்து தப்புதாங்காரு. பேப்பர் லேசா கீழ எறங்குது, அரை விரக்கட. கங்காதரன் கேக்காரு.

அந்தப் பந்த ஒசரமாக் கேட்டது நான்.

மூணாவது செட்டுல இருந்தே ஆரம்பிச்சிட்டான் ஜாஸ்பரு. எனக்கு எப்பவும் எடது ஓரத்துல, நெட்டுக்கு மேல நல்ல ஒசரத்துல பந்து வேணும், நான் ஓடி வந்து எந்திரிச்சு மேல நின்னு அடிக்கவன். சேந்து ஆடுத ரெண்டு வருசமும் அப்படித்தான் குடுத்திருக்கான், மேட்சுக்கு முன்னால கைய மேல தூக்கிக் காமிப்பேன், அந்த எடத்துல வந்து நிக்கும் பந்து. மூணாவது செட்டுல ஒரு முழம் கொறச்சான். வெரசா, தாழ, கொஞ்சம் வெளியத் தள்ளி. எதிர்ல பிளாக்கு ரெண்டு பேரும் வந்து சேரதுக்குள்ள பந்து என் கைக்கு நேர வந்திரும், குதிக்கவே வேண்டாம், நுனிக்கால்ல நின்னு அவனுவ கை ஓரத்துல ஒரு தட்டு, வெளிய போயிரும். ஒண்ணு, ரெண்டு, மூணு. சனம் கத்துது, துரை துரைன்னு. எனக்கு ஒடம்பு கூசுது. தாழப் பந்து குள்ளப் பயலுவளுக்குக் குடுக்கது. ஒசரம் எட்டாதவனுக்குக் குடுக்கது. ஊரு பாக்க என்னக் குள்ளனாக்குதான்னு எனக்கு ஒரு ஆங்காரம். முட்டி போனது எனக்குத் தெரியும், ஆனா அவனுக்கு எப்படித் தெரியும், தெரியாதுன்னு நம்புனேன். தெரியாதவன் எதுக்குக் கொறைக்கான்? கேப்டன அவமானப்படுத்தக் கொறைக்கான். இப்படியேதான் நெனச்சிக்கிட்டே ஆடுனேன் ரெண்டு செட்டும். பதினொண்ணுக்குப் பதினொண்ணுல பொறுக்கல. ஒசரமாக் குடுலேன்னு கத்துனேன். கத்துனது எங்க ஆறு பேருக்குத்தான் கேட்டிருக்கும், அந்த எரச்சல்ல. அவன் திரும்பி என்ன ஒரு செகண்டு பாத்தான். கேப்டன் சொன்னா எடுத்துக் குடுக்கவன் குடுத்துத்தான் ஆகணும், அது எங்க டீம்ல சட்டம். குடுத்தான். அடேயப்பா, என்ன பந்து அது. நான் ரெண்டு வருசமா கைய நீட்டிக் காமிச்ச அதே எடம், அதே ஒசரம், சுத்தாம, ஆடாம வந்து நின்னுது. நான் ஓடி வந்து எடது கால ஊனுனேன். கால் இல்ல அங்க. பந்து மேல நிக்குது, நான் கீழ நிக்கேன், வெரல் நுனி பட்டு நெட்டுல விழுந்துது.

பாவம் துரை எப்படி அடிப்பான். இத எத்தனை பேரு சொல்லிட்டானுவ.

இப்ப மேல் ஒதட்டுக்கு வந்திருக்கு கத்தி. மூக்கப் புடிச்சுத் தூக்குதாரு அண்ணாச்சி, மூச்சு விட முடியல. முட்டி வெளிய சாடுத மாதிரி தெறிக்குது, கால நீட்டவும் வழியில்ல, நீட்டுனா ஏன்னு கேப்பானுவ. அந்தப் பந்துக்குப் பொறவு அவன் என்ன செஞ்சான்னு நெனைக்கக்கூடாது. நெனைக்கக்கூடாதுன்னா அதுதான வரும். பக்கத்துல வந்தான். கையச் சட்டையில தொடச்சான். சனம் அவனத் திட்டுது, பேரச் சொல்லித் திட்டுது, அவங்க அம்மா கிரவுண்டு ஓரத்துல மெஸ்ஸு பொம்பளையளோட நிக்காங்க, அவங்களுக்கும் கேக்கும். அவன் அத ஒண்ணும் கண்டுக்கல. என் காதுகிட்ட, துரை, கால் போனது எனக்கு அப்பவே தெரியும், நீ அடி, நான் பாத்துக்கிடுதேன்னான். அவ்வளவுதான். நான் பாத்துக்கிடுதேன். நீ யாருலே என்னப் பாத்துக்கிட? சின்னப் புள்ளையா நான்? ஒரு அறை வச்சிருப்பேன், நடுவர் பாத்துக்கிட்டு நின்னாரு. அப்புறம் வந்த பந்து எல்லாம் தாழ. பன்னெண்டு, பதிமூணு, பதினாலு, பதினஞ்சு. நாலும் நான் அடிச்சது. நாலும் அவன் வச்சது. கடைசிப் பாயிண்டுக்கு என்னத் தூக்கிக்கிட்டுக் கிரவுண்டச் சுத்துனானுவ, தூக்குனதும் நல்லதாப் போச்சு, நடந்திருந்தா தெரிஞ்சிருக்கும். மேல இருந்து பாத்தேன், அவன் நெட்டு ஓரத்துல குனிஞ்சு பந்துகள எடுத்து வலைப்பையில போட்டுக்கிட்டு இருந்தான்.

திட்டட்டும். திட்டு வாங்குனா செத்தா போயிருவான். என்னையும்தான் போன வருசம் தோத்தப்ப திட்டுனானுவ, கல்லெறிஞ்சானுவ. அவன் ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா, பந்து நீதான கேட்டன்னு. நேத்து ராச்சாப்பாட்டுல நம்ம பயலுவளே அவனக் கிண்டல் பண்ணும்போது சோத்தப் பெசஞ்சிக்கிட்டே இருந்தான். அவன் சொல்லியிருந்தா நானும் ஏதாவது சொல்லியிருப்பேன், சண்டை வந்திருக்கும், எனக்கு ஆறியிருக்கும். சொல்லாம இருந்து இருந்து என்னக் கொல்லுதான். இதுதான் அவன் குணம், ஒனக்கு நல்லது பண்ணிட்டு ஒன்ன ஒண்ணுமில்லாதவன் ஆக்கிருவான். கங்காதரன்கிட்ட நெசத்தச் சொன்னா என்ன ஆகும்? சார், அந்தப் பையன் வேற ரகம், அவன எடுங்கன்னு சொல்லணும். ஏன்பான்னு கேப்பாரு. என் முட்டி போயிட்டு சார், அது தெரிஞ்சு அவன் பந்தக் கொறச்சான், என்னோட இருவத்தோரு பாயிண்டுல பதினாலு அவன் போட்ட பிச்சைன்னு சொல்லணும். அவன் நல்லா ஆடுனான்னு சொல்லணும்னா நான் முடிஞ்சேன்னு சொல்லணும். ரெண்டையும் பிரிச்சுச் சொல்ல வழியே இல்ல, விடிய விடிய யோசிச்சுப் பாத்துட்டேன். முட்டிக்கு வைத்தியம் இருக்கு. ஆறு மாசத்துல சரியாயிரும். கட்டுப் போட்டு, எண்ணெய் போட்டு, மொத வேலையில சேந்துட்டா, அவனுவளே ஆஸ்பத்திரி பாப்பானுவ. சேரணும் மொத.

இருங்கவே, ஒண்ணு சொல்லுதேன்னாரு வேலாயுதம் சார். நேத்து பஸ்ஸுல போகும்போதெல்லாம் இதையே யோசிச்சேன், அந்தப் பையன் மூணாவது செட்டுல இருந்து துரைக்குப் பந்தக் கொறச்சிட்டான், ஒரு முழம், மத்தவனுக்குக் கொறைக்கல, நடுவுல அடிக்கவனுக்குப் பழைய ஒசரம்தான், துரைக்கு மட்டும், அந்தப் பதினொண்ணுல ஒண்ணே ஒண்ணு ஒசரமாப் போகுது, பொறவும் தாழ, ஏன்வே, கை தப்பிப் போனா முன்னயும் பின்னயும் கொஞ்சமாவது தப்பும்லா, ஒண்ணு மட்டும் அவ்வளவு சுத்தமா எப்படித் தப்பும்ங்காரு. சொல்லிட்டு என் மண்டையப் பாக்காரு, பின் மண்டைய. கண்ணாடியில நான் கண்ண மூடிக்கிட்டேன். கண்டுபுடிக்கப் போறாரு. இன்னும் ஒரு எட்டு. முட்டின்னு ஒரு வார்த்த வந்துட்டா போச்சு. சவத்த, வாய மூடுங்கய்யா, ஒமக்கு வேற வேலையில்லையா, பென்சன் வாங்குனமா பேத்தியப் பள்ளிக்கூடத்துல விட்டமான்னு இல்லாமன்னு நுரைக்குள்ளயே திட்டுனேன். பயந்துட்டான்வே, அவ்வளவுதான், கை நடுங்கிட்டுன்னாரு கோயில்பிள்ளை. எல்லாரும் சிரிச்சானுவ. நான் கோயில்பிள்ளைக்கு மனசுக்குள்ள கும்புடு போட்டேன். ரெண்டு நிமிசம் முன்னால அந்தாளையும்தான் வெட்டணும்னு இருந்துது.

முத்தையா அண்ணாச்சி தண்ணி அடிச்சுத் தொடச்சாரு. படிகாரக் கல்லத் தேச்சாரு. எரியுது. மூஞ்சியில நுரையில்ல இப்ப, வாய் சும்மா இருக்கு, எல்லாருக்கும் தெரியுது என் வாய் சும்மா இருக்குன்னு. கங்காதரன் பேப்பர மடிச்சாரு. ரெண்டா மடிச்சு, நாலா மடிச்சு, மடியில வச்சுக்கிட்டாரு. நீங்க ரெண்டு பேரும் எதுக்குச் சண்ட போடறீங்க, கேப்டனே இங்கதான உக்காந்திருக்காரு, அவரக் கேப்போம்னாரு. பத்து மணிக்குக் கேக்க வேண்டியத இங்ஙனயே கேக்கப் போறாரு, சனத்த வச்சுக்கிட்டு.

"நீ சொல்லு தம்பி. அந்தப் பதினொண்ணுல ஒசரமாப் போன பந்து, அது யாரு தப்பு?"

இப்படிக் கேப்பாருன்னு நெனைக்கல. யாரு நல்லா ஆடுனான்னு கேப்பாருன்னுதான் ஒழுங்கு பண்ணி வச்சிருந்தேன், எல்லாரும்தான் சார் ஆடுனோம், ஜாஸ்பரும் பரவால்ல சார், இன்னும் கொஞ்சம் தேறணும்னு ரெண்டும் கெட்டானா சொல்லிட்டுத் தப்பிச்சிரலாம்னு. இது நேரா வருது. இதுல பாதி கெடையாது. வேலாயுதம் சார் கொடைப் பிடியத் தடவுதத நிறுத்திட்டாரு. அவரு மூஞ்சியில ஒரு ஆசை, சொல்லிரு மக்கா, ஒனக்குத் தெரியும்லாங்குத மாதிரி. எனக்கு அந்தப் பந்து தெரியுது. மேல நிக்குது. சுத்தாம, ஆடாம. ஒரு குத்தம் சொல்ல முடியாது அதுல. என் வாழ்நாள்ல அப்படி ஒரு பந்த எவனும் எனக்குக் குடுக்கப் போறதில்ல.

"அவன் தப்புதான் சார்."

வேற யாரோ சொன்ன மாதிரி கேட்டுது. பாத்தீரான்னாரு கோயில்பிள்ளை, தொடையில தட்டிக்கிட்டு. வேலாயுதம் சார் என்னப் பாக்கல. நீ சொன்னா சரிதான்பா, உள்ள நின்னவன் நீதானன்னு சொல்லிட்டு, சவரம் பண்ணாமலே கொடைய எடுத்துக்கிட்டு எந்திரிச்சுப் போயிட்டாரு. போகட்டும். போனா எனக்கென்ன. கங்காதரன் கண்ணாடியிலயே என்னப் பாத்துக்கிட்டு இருந்தாரு. சிரிக்கவும் இல்ல, மொறைக்கவும் இல்ல.

"அந்தப் பையனும் அதத்தான் சொன்னான்" அப்படின்னாரு. "நேத்து கிரவுண்டுலயே கேட்டேன். என் கை தப்பிருச்சு சார், கேப்டன் மேல தப்பில்ல, ஆள் எடுக்கறதா இருந்தா கேப்டன எடுங்கன்னான்."

கேப்டனாம். ரெண்டு வருசத்துல ஒரு நாள் என் மூஞ்சிக்கு நேர சொல்லாத வார்த்த. நான் இல்லாத எடத்துல, போயி, அவருகிட்ட சொல்லியிருக்கான். எனக்கு மொதல்ல வந்தது கோவம்தான், சத்தியமா கோவம்தான், நாசமாப் போறவனே ஒன்ன யாருலே கேட்டா, அந்த எடம் ஒனக்கும் வேணும்தான, ஒங்க அம்மா சோறு போட்டுக்கிட்டே சாகவான்னு. அவன் அங்ஙன நின்னிருந்தா அடிச்சிருப்பேன். அப்புறம் வந்தது கோவம் இல்ல. அதுக்கு என்ன பேருன்னு எனக்குத் தெரியல. நான் இந்தப் பொய்யச் சொல்லியிருக்கவே வேண்டாம். சொல்லாட்டியும் அவன் எனக்குத்தான் வச்சிருந்தான். இதுவும் தாழ வச்ச பந்து. குதிக்கவே வேண்டாம்னு வச்ச பந்து. அதையும் நான் அவன் மூஞ்சியில அடிச்சிருக்கேன்.

முத்தையா அண்ணாச்சி துண்ட உருவி ஒதறுனாரு. கழுத்துல பவுடர் போட்டாரு. மாப்பிள்ள மாதிரி இருக்கன்னாரு. கங்காதரன் எந்திரிச்சு வாசல்ல நின்னுக்கிட்டு, பத்து மணி வரைக்கும் எதுக்கு, இப்பவே வந்துரு, ரூம்ல ஃபாரம் இருக்கு, கையெழுத்துப் போட்டுரலாம், மாடியிலதான்னாரு. சொல்லிட்டு லாட்ஜ் படியில ஏறிட்டாரு, அறுவது வயசு ஆளு, ரெண்டு ரெண்டு படியா. சலூன் வாசலுக்கு ஒட்டுனாப்புலதான் படி. ஏணி மாதிரி செங்குத்து, புடிச்சுக்கிட ஒரு கம்பியும் கெடையாது, ரெண்டு பக்கமும் வெள்ளையடிச்ச செவரு. ரூம் எடுக்க வாரவனெல்லாம் பெட்டியக் கீழ வச்சிட்டு லாட்ஜ்காரனத் திட்டுத படி. நாக்காலியில இருந்து எப்படி எறங்குனேன்னு தெரியல, எறங்கிட்டேன். கோயில்பிள்ளை முதுகுல தட்டிக் குடுத்தாரு. எல்லாரும் வாசலுக்கு வந்து நின்னானுவ, நான் மேல போறதப் பாக்க. மொத்தம் எத்தனை படின்னு கீழ இருந்தே எண்ணுனேன். இருவத்திரண்டு. இருவத்தொண்ண எவனாவது தாழ வச்சுக் குடுத்தாலும் ஒண்ணு மிச்சம் இருக்கும். வலது கால மொதப் படியில வச்சேன். அது ஏறிட்டு. இனி எடது கால ஊனி எந்திரிக்கணும்.

"என்னப்பா, வரலையா?"

மேல, உச்சிப் படியில நின்னு திரும்பிப் பாத்தாரு. என் மூஞ்சியப் பாக்கல. தொளதொள பேண்டப் பாத்தாரு, எடது பக்கம்.

"வாரேன் சார்"ன்னேன். அவரு அங்ஙனயே நின்னாரு, பாத்துக்கிட்டே.